அபினும் வலிநீக்கும் உரிமையும்: பன்னாட்டுப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வரலாற்றில் இந்தியா

முன்னுரை

மருத்துவத் தேவைக்கெனக் கசகசாக் காயைக் கீறி, அதில் கசியும் அபின் பாலைத் திரட்டிச் சட்டப்படி ஏற்றுமதி செய்துவரும் நாடு உலகில் இந்தியா ஒன்றே. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் குறிக்கப்பெற்ற வட்டாரங்களில் மட்டும் இப்பயிர் விளைகிறது. குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்தியப் போதைப்பொருள் பணியகம் உழவர்களுக்கு ஆண்டுதோறும் உரிமம் வழங்கி, விளைச்சல் முழுவதையும் அரசுக்கெனப் பெற்றுக்கொள்கிறது. காசிப்பூர், நீமச் ஆகிய ஊர்களிலுள்ள அரசு ஆலைகளில் அபின் பதப்படுத்தப்படுகிறது. அதிலிருந்து பெறப்படும் மார்பின், புற்றுநோயின் கடும் வலியைத் தணிக்கும் மருந்துகளுள் தலைமையானது.

மார்பினுக்குரிய மூலப்பொருளை உலகிற்கு வழங்கிய இந்நாட்டிலேயே, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மார்பின் கிடைக்காமையால் பெருந்தொகையான நோயாளிகள் வலியோடு இறந்தனர். இம்முரண் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு ஓரளவு நீங்கியது என்பவற்றை வரலாற்று முறையில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். பன்னாட்டுப் போதைப்பொருள் உடன்படிக்கைகள் தொடக்கம் முதலே இரு கடமைகளை அரசுகள்மீது சுமத்தின. தீய பயன்பாட்டைத் தடுப்பது ஒன்று. மருத்துவப் பயன்பாட்டிற்கு வழிசெய்வது மற்றொன்று. முதற் கடமைக்கு அளவுகோலும் காவலும் தண்டனையும் அமைந்தன. இரண்டாம் கடமை எழுத்தளவில் நின்றது. இவ்விரண்டின் சமனின்மையே மேற்கண்ட முரணுக்கு அடிப்படை என்பது இக்கட்டுரையின் கருத்து.

1. சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் 'டிரக்' என்னும் ஒரே சொல் மருந்தையும் போதை தரும் பொருளையும் குறிக்கும். தமிழில் இவ்விரண்டும் வெவ்வேறு சொற்களால் வழங்குகின்றன. மருந்து என்பது நோய் நீக்குவது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'லாகிரி வஸ்து' என்று எழுதப்பெற்று, இன்று 'போதைப்பொருள்' எனப்படுவது அறிவை மயக்குவது. நாளிதழ்களில் இடம்பெறும் 'போதை மருந்து' என்னும் தொடர் இவ்விரு பொருளையும் ஒன்றாக்கிய மொழிபெயர்ப்பு வழக்கு எனலாம்.

பொருளின் இயல்பை நோக்கினால், இச்சொற்பிரிவு முழுவதும் பொருந்துவதன்று. ஒரே செடியின் விதை தமிழர் சமையலில் கசகசாவாக இடம்பெறுகிறது. அதன் காயின் பால் அபினாகிறது. செர்மானிய மருந்தாளுநர் செர்ட்யூர்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்தார். அந்த மார்பினை மாற்றியமைத்துப் பெறப்பட்ட ஹெராயின் 1898ஆம் ஆண்டு செர்மனியில் இருமல் மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. ஆகவே மருந்து, போதைப்பொருள் என்னும் வேறுபாடு பொருளில் இல்லை. பயன்பாட்டிலும் அளவிலும் நோக்கத்திலும் உள்ளது. சட்டம் பொருளைத் தடுக்க முனையும்போது பயன்பாட்டின் வேறுபாட்டை எவ்வாறு காப்பது என்பதே பன்னாட்டுக் கட்டுப்பாட்டு வரலாறு முழுவதிலும் தொடரும் சிக்கலாகும்.

2. வருவாய்ப் பொருளாக அபின்

வங்காளத்தில் அபின் வாணிகத்தை வாரன் ஹேஸ்டிங்ஸ் 1773ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமையாக்கினார். பீகார், காசிப் பகுதிகளின் உழவர்கள் முன்பணம் பெற்றுப் பயிரிட்டு, விளைந்த அபினைக் கம்பெனி குறித்த விலைக்கே கொடுக்க வேண்டியிருந்தது. காசிப்பூர் ஆலை 1820ஆம் ஆண்டு தோன்றியது. கல்கத்தாவில் ஏலம் விடப்பட்ட அபின் பெட்டிகளை வணிகர்கள் சீனத்திற்குக் கொண்டுசென்றனர். அதனைத் தடுக்க முயன்ற சீனப் பேரரசு 1839-42, 1856-60 ஆகிய ஆண்டுகளின் அபின் போர்களில் தோல்வியுற்றது.

இக்காலச் சட்டங்களின் நோக்கம் கருதத்தக்கது. 1857, 1878 ஆகிய ஆண்டுகளின் அபின் சட்டங்கள் உரிமமின்றிப் பயிரிடுதலையும் விற்றலையும் தண்டித்தன. மக்கள் நலம் கருதி அவை அவ்வாறு செய்யவில்லை. அரசின் தனியுரிமையைக் காப்பதற்கே செய்தன. நிலவரிக்கு அடுத்து எண்ணத்தக்க பெரும் வருவாய்களுள் அபின் வருவாயும் ஒன்றாக இருந்தது. உரிமம், கிடங்கு, எடைக் கணக்கு, சோதனை ஆகிய நிருவாக உறுப்புகள் அனைத்தும் வரி காக்கும் கருவிகளாகவே உருவாயின. பிற்காலத்தில் நோக்கம் மாறியபோதும் இக்கருவிகள் மாறவில்லை. விடுதலைக்குப் பின்னும் மார்பினுக்கு உரிமம் வழங்கும் பணி பல மாநிலங்களில் நலவாழ்வுத் துறையிடம் இல்லாமல் ஆயத்தீர்வைத் துறையிடம் இருந்தமைக்கு இவ்வரலாறே காரணமாகும்.

3. இரு ஆணையங்கள்

பிரிட்டனில் 1874ஆம் ஆண்டு அபின் வாணிக ஒழிப்புச் சங்கம் தோன்றியது. அதன் தொடர்ந்த கிளர்ச்சியின் பயனாக 1893ஆம் ஆண்டு பிராசி பிரபுவின் தலைமையில் அரச அபின் ஆணையம் அமைந்தது. தர்பங்கா மன்னர் இலட்சுமேஸ்வர் சிங்கும் ஹரிதாஸ் விஹாரிதாஸ் தேசாயும் அதில் இடம்பெற்ற இந்தியர்கள். 1895ஆம் ஆண்டு வெளிவந்த அதன் அறிக்கை, இந்தியாவில் அபின் பயன்பாடு பெரும்பாலும் அளவோடு நிகழ்வதாகவும் முழுத்தடை வேண்டுவதில்லை என்றும் முடிவு கூறியது. உறுப்பினர் ஹென்றி வில்சன் இதற்கு உடன்படாமல் மாற்றுக் குறிப்பு எழுதினார். அரசின் வருவாயைக் காக்கும் முடிவு இது என்னும் குற்றச்சாட்டு அன்றே எழுந்தது.

அதே காலத்தில் அமைந்த இந்தியக் கஞ்சா ஆணையம் (1893-94) ஆய்வுமுறையால் சிறப்புடையது. மேக்வொர்த் யங் தலைமையிலான அவ்வாணையம் 1,193 பேரின் சாட்சியங்களைத் திரட்டியது. கஞ்சா மனநோயை உண்டாக்குகிறது என்னும் பரவலான கருத்தை அது மனநோய் விடுதிகளின் பதிவேடுகளைக் கொண்டு சோதித்தது. நோயாளியை ஒப்படைக்கும் காவலர்கள் நோய்க்காரணம் என்னும் கட்டத்தில் போதிய உசாவலின்றிக் 'கஞ்சா' என்று எழுதுவதும், விடுதி எழுத்தர்கள் அதனை அப்படியே படியெடுப்பதும் அப்போது வெளிப்பட்டன. 1892ஆம் ஆண்டில் கஞ்சாவால் நேர்ந்தவை எனப் பதிவான 222 நேர்வுகளை ஆணையம் ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 98 நேர்வுகளில் மட்டுமே அத்தொடர்பை ஏற்றது. அளவான பயன்பாட்டால் குறிப்பிடத்தக்க தீங்கு இல்லை. மிகுபயன்பாடு தீங்கு தரும். தடையைவிட வரியும் ஒழுங்குமுறையுமே ஏற்றவை என்பன அதன் முடிவுகள்.

இவ்விரு ஆணையங்களும் குடியேற்ற அரசின் நலனுக்கு அப்பாற்பட்டவை அல்ல. எனினும், போதைப்பொருள் பற்றிய கொள்கை சான்றுகளின்மீது அமைய வேண்டும் என்னும் நெறியைக் கஞ்சா ஆணையம் நிறுவியது. அடுத்துவந்த பன்னாட்டு மாநாடுகளில் இந்நெறி வலுப்பெறவில்லை.

4. ஷாங்காய் முதல் ஜெனீவா வரை

சீனத்திற்குச் செல்லும் இந்திய அபினைப் பத்தாண்டுகளில் படிப்படியாக நிறுத்துவதெனப் பிரிட்டனும் சீனமும் 1907ஆம் ஆண்டு உடன்பட்டன. 1909ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் 13 நாடுகள் பங்குகொண்ட பன்னாட்டு அபின் ஆணையம் ஷாங்காயில் கூடியது. பிலிப்பைன்சில் பணியாற்றிய அமெரிக்கப் பேராயர் சார்லஸ் பிரெண்ட் அதற்குத் தலைமை தாங்கினார். இதன் தொடர்ச்சியாக 1912ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் ஹேக் நகரில் முதல் பன்னாட்டு அபின் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மார்பின், கோகெயின் முதலியவற்றை மருத்துவத்திற்கும் பிற முறையான தேவைகளுக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்னும் கோட்பாடு இதில்தான் பன்னாட்டுச் சட்டமாக இடம்பெற்றது. முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கையின் வழியாக இது பல நாடுகளையும் பிணித்தது.

1925ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை ஏற்றுமதி இறக்குமதிச் சான்றிதழ் முறையையும் நிலையான மத்திய அபின் வாரியத்தையும் உருவாக்கியது. 1931ஆம் ஆண்டு உடன்படிக்கை மேலும் ஒருபடி சென்றது. ஒவ்வொரு நாடும் தன் மருத்துவத் தேவையை முன்கூட்டியே மதிப்பிட்டுத் தெரிவிக்க வேண்டும். அந்த அளவிற்கு மேல் உற்பத்தியோ இறக்குமதியோ கூடாது என்பது அதன் அடிப்படை. மருந்தாலைகளிலிருந்து சட்டவிரோதச் சந்தைக்குப் பாய்ந்த மிகைச் சரக்கைத் தடுப்பதில் இம்முறை பெரும்பயன் தந்தது.

ஆயினும் இம்முறையின் உள்ளமைப்பில் ஒரு குறை இருந்தது. ஓர் அரசு தன் தேவையை மிகுத்துக் கூறினால் வாரியம் வினவும்; குறைத்துக் கூறினால் வினவுவார் இல்லை. மருத்துவர்கள் மார்பினை எழுதித் தராத நாட்டில் நுகர்வு குறைந்திருக்கும். குறைந்த நுகர்வை அடிப்படையாகக் கொண்டு அடுத்த ஆண்டின் மதிப்பீடும் குறையும். மதிப்பீடு குறைந்தமையால் மருந்து வாராது. மருந்து வாராமையால் மருத்துவர் எழுதித் தரார். மிகுதியை அளப்பதற்கென அமைந்த கருவி குறைவை அளக்கவில்லை. இக்குறையின் விளைவு அரை நூற்றாண்டிற்குப் பின் இந்தியாவில் வெளிப்பட்டது.

இந்தியாவிற்குள் இக்காலத்தில் தேசிய இயக்கம் அபின் எதிர்ப்பைக் கையிலெடுத்தது. அஸ்ஸாமில் காங்கிரசு அபின் உசாவல் நடத்தி 1925ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டது. சி. எப். ஆண்ட்ரூஸ் இச்சிக்கலைப் பற்றி எழுதினார். மருத்துவமல்லாத தேவைக்கான அபின் ஏற்றுமதியைப் படிப்படியாக நிறுத்தும் முடிவை இந்திய அரசு 1926ஆம் ஆண்டு அறிவித்தது. 1930ஆம் ஆண்டு அபாயகரமான மருந்துகள் சட்டம் இயற்றப்பட்டது. அயலாட்சி மக்கள்மீது திணித்த தீமை என்னும் நினைவு அபினோடு இவ்வாறு இணைந்தது. விடுதலை பெற்ற இந்தியா கட்டுப்பாட்டுக் கொள்கையை மனமுவந்து ஏற்றதற்கு இந்நினைவும் ஒரு காரணம் எனலாம்.

5. ஒற்றை உடன்படிக்கை விதித்த இரு கடமைகள்

முந்தைய உடன்படிக்கைகள் பலவற்றையும் ஒன்றிணைத்த போதைப்பொருள் ஒற்றை உடன்படிக்கை 1961ஆம் ஆண்டு நியூயார்க்கில் உருவாகி 1964ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. மனித குலத்தின் உடல்நலமும் நல்வாழ்வும் பற்றிய அக்கறையை அதன் முகவுரை முதலிற் கூறுகிறது. வலியையும் துன்பத்தையும் தணிப்பதற்கு இப்பொருள்களின் மருத்துவப் பயன்பாடு இன்றியமையாதது என்றும், அவை கிடைப்பதற்கு உரிய ஏற்பாடு செய்யப்பட வேண்டும் என்றும் அது அறிவிக்கிறது. அடிமைப்படுதல் தனிமனிதருக்குப் பெருந்தீமை, சமூகத்திற்கு ஆபத்து என்னும் கருத்தும் அதே முகவுரையில் உள்ளது. 1972ஆம் ஆண்டுத் திருத்த நெறிமுறை, மருத்துவத்திற்குப் போதிய அளவு கிடைக்கச் செய்வதும் பன்னாட்டுப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியத்தின் பணி என்று வெளிப்படையாகக் கூறியது.

இந்தியா இவ்வுடன்படிக்கையை ஏற்றபோது மரபுவழிப் பழக்கங்களுக்கென இடைக்கால விலக்குப் பெற்றது. அபினின் பகுதி மருத்துவப் பயன்பாட்டிற்கு 15 ஆண்டும், மருத்துவமல்லாத கஞ்சாப் பயன்பாட்டிற்கு 25 ஆண்டும் உடன்படிக்கை தந்த எல்லைகள். கஞ்சாச் செடியின் இலை உடன்படிக்கையின் வரையறைக்குள் வாராமையால் வடநாட்டில் வழங்கும் பாங்கு தடைக்குத் தப்பியது.

1971ஆம் ஆண்டு மனமயக்கப் பொருள்கள் பற்றிய உடன்படிக்கையும், 1988ஆம் ஆண்டு வியன்னாவில் உருவான சட்டவிரோதக் கடத்தல் எதிர்ப்பு உடன்படிக்கையும் இவ்வரிசையைத் தொடர்ந்தன. மூன்று உடன்படிக்கைகளிலும் மனித உரிமை என்னும் தொடர் வெளிப்படையாக இடம்பெறுவது ஓரிடத்தில் மட்டுமே. 1988ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு, சட்டவிரோதப் பயிரை அழிக்கும்போது அடிப்படை மனித உரிமைகளை மதிக்க வேண்டும் என்கிறது. 1948ஆம் ஆண்டு உலக மனித உரிமைப் பேரறிக்கையும், நலவாழ்வு உரிமையை அறிந்தேற்ற 1966ஆம் ஆண்டுப் பொருளியல், சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையும் அதே ஐக்கிய நாடுகள் மன்றத்தின் படைப்புகளே. எனினும் போதைப்பொருள் சட்டமும் மனித உரிமைச் சட்டமும் நெடுங்காலம் ஒன்றையொன்று நோக்காத இரு தனிப்பாதைகளில் சென்றன.

6. 1985ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விளைவும்

இந்திய நாடாளுமன்றம் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை இயற்றியது. அது அவ்வாண்டு நவம்பர் 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்து, 1857, 1878, 1930 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களை நீக்கியது. பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்த அளவு தண்டனை பத்தாண்டுச் சிறை. உயர் அளவு இருபதாண்டுச் சிறை. 1989ஆம் ஆண்டுத் திருத்தம் பிணை பெறுவதை மிகக் கடினமாக்கியதோடு, சில குற்றங்களை மீண்டும் செய்வோருக்கு மரண தண்டனையைக் கட்டாயமாக்கியது.

சட்டத்தின் எழுத்து மருத்துவத்தைத் தடுக்கவில்லை. மருத்துவ, அறிவியல் பயன்பாட்டிற்கு அதன் 8ஆம் பிரிவே விலக்களிக்கிறது. இடர்ப்பாடு நடைமுறையில் எழுந்தது. மார்பின் முதலிய மருந்துகளை வைத்திருத்தல், எடுத்துச்செல்லல், விற்றல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்கு வழங்கப்பட்டது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதிகளை வகுத்தது. மாநில எல்லையைக் கடந்து மருந்து பெறும் மருத்துவமனை, வைத்திருக்கவும் இறக்கவும் கொண்டுசெல்லவும் தனித்தனி உரிமங்கள் பெற வேண்டியிருந்தது. அனைத்தும் ஒரே நேரத்தில் செல்லுபடியாக வேண்டும். ஒன்றைப் பெறுவதற்குள் மற்றொன்றின் காலம் முடிந்துவிடும். பதிவேட்டில் நேரும் சிறு பிழையும் பத்தாண்டுச் சிறையில் முடியக்கூடும் என்னும் அச்சம் மருந்தாளுநர்களைத் தாக்கியது. மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் மார்பினை வாங்குவதையே கைவிட்டன.

இதன் விளைவு அளவிடத்தக்கது. நாட்டின் மருத்துவ மார்பின் நுகர்வு 1985ஆம் ஆண்டிற்குப் பின் ஏறத்தாழ 97 விழுக்காடு வீழ்ந்து, 1997ஆம் ஆண்டில் 18 கிலோகிராமாகச் சுருங்கியது. இவ்வீழ்ச்சி நேர்ந்த காலமும் கருதத்தக்கது. புற்றுநோய் வலியைப் படிப்படியாகத் தணிக்கும் எளிய முறையொன்றை உலக நலவாழ்வு நிறுவனம் 1986ஆம் ஆண்டு வெளியிட்டது. வாய்வழி உட்கொள்ளும் மலிவான மார்பின் மாத்திரையே அம்முறையின் உச்சப்படி. மருத்துவ அறிவு கைக்கெட்டிய அதே வேளையில் இந்தியாவில் மருந்து கைநழுவியது. ஒரு தலைமுறை மருத்துவர்கள் மார்பினைக் கையாளும் பயிற்சியே பெறாமல் கல்வி முடித்து வெளிவந்தனர். சட்டத்தின் அச்சம் இவ்வாறு கல்வியின் குறையாகவும் மாறியது.

7. கோழிக்கோட்டுப் பட்டறிவு

மாற்றம் கேரளத்தில் தொடங்கியது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியை மையமாகக் கொண்டு மருத்துவர்கள் எம். ஆர். இராஜகோபாலும் சுரேஷ்குமாரும் பிறரும் 1993ஆம் ஆண்டு வலிதணிப்பு ஆதரவுச் சிகிச்சைச் சங்கத்தை நிறுவினர். குணப்படுத்த இயலாத நோயாளிக்கும் மருத்துவம் செய்யத்தக்கது உண்டு என்பதே 'பேலியேட்டிவ் கேர்' எனப்படும் இச்சிகிச்சையின் அடிப்படை. நோயாளிகளுக்கு மார்பின் மாத்திரையை வீட்டிற்கே கொடுத்தனுப்பும் முறையை அச்சங்கம் பின்பற்றியது. பின்னர் ஊர்தோறும் பயிற்சி பெற்ற தன்னார்வலர் குழுக்கள் தோன்றி, கேரளம் முழுவதும் இச்சிகிச்சையைப் பரப்பின. 2008ஆம் ஆண்டு கேரள அரசு இதற்கெனத் தனிக்கொள்கையை அறிவித்தது.

கொடுத்தனுப்பும் மார்பின் கள்ளச் சந்தைக்குச் செல்லாதா என்பது சட்டத்தின் அச்சம். இவ்வினாவிற்குச் சான்றின் வழியில் விடை கிடைத்தது. கோழிக்கோட்டில் இரண்டாண்டுக் காலத்தில் வாய்வழி மார்பின் பெற்ற 1,723 புறநோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2001ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. மருந்து தவறாகப் பயன்பட்டதற்கோ வெளியே கடத்தப்பட்டதற்கோ எந்த நேர்வும் காணப்படவில்லை என்பது அதன் முடிவு. பதிவேட்டின் 'கஞ்சா' என்னும் சொல்லை ஏற்காமல் 222 நேர்வுகளையும் ஆராய்ந்த 1894ஆம் ஆண்டு ஆணையத்தின் முறையோடு இது ஒப்புநோக்கத்தக்கது. இரண்டிடத்தும் ஊகத்தைக் கணக்கெடுப்பு எதிர்கொண்டது.

இதற்கிடையே 1998ஆம் ஆண்டு மத்திய வருவாய்த் துறை எளிய மாதிரி விதியொன்றை வகுத்து, அதனைப் பின்பற்றுமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. கேரளம் உள்ளிட்ட சில மாநிலங்களே அதனை ஏற்றன. கட்டளையாக இல்லாமல் வேண்டுகோளாக அமைந்தமையால் அது நாடு முழுவதும் பயன்தரவில்லை. எனவே, 1994ஆம் ஆண்டு தோன்றிய இந்திய வலிதணிப்பு ஆதரவுச் சிகிச்சைக் கழகத்தினர் 2007ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தனர்.

8. மனித உரிமை நோக்கின் எழுச்சி

வலிதணிப்பு இந்நோக்கின் ஒரு முகம். போதைக்கு அடிமையானோரின் உயிரும் உரிமையும் அதன் மறுமுகம். மணிப்பூரில் ஊசிவழி ஹெராயின் பயன்படுத்தியோரிடையே 1989-90ஆம் ஆண்டுகளில் எச்.ஐ.வி. தொற்று மிக விரைவாகப் பரவியது. சிறையும் அடியும் ஊசிப் பகிர்வை நிறுத்தவில்லை, மறைவிற்கே தள்ளின. தூய ஊசி வழங்கல், மாற்று மருந்துச் சிகிச்சை ஆகியவற்றைக் கொண்ட தீங்கு குறைப்பு அணுகுமுறையை மணிப்பூர் அரசு 1996ஆம் ஆண்டுத் தன் எய்ட்சு கொள்கையில் ஏற்றது. போர்ச்சுகல் 2001ஆம் ஆண்டு தன் பயன்பாட்டிற்கெனச் சிற்றளவு வைத்திருப்பதைக் குற்றவியல் சட்டத்திலிருந்து நீக்கி, அத்தகையோரை நலவாழ்வு சார்ந்த குழுக்களிடம் அனுப்பும் முறையை மேற்கொண்டது. மறுபுறம், 2003ஆம் ஆண்டு தாய்லாந்திலும் 2016ஆம் ஆண்டிற்குப் பின் பிலிப்பைன்சிலும் போதைப்பொருளுக்கு எதிரான போர் என்னும் பெயரால் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர்.

இப்பின்னணியில் இரு பாதைகளும் சந்திக்கத் தொடங்கின. சித்திரவதை குறித்த ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் மான்பிரெட் நோவாக் 2009ஆம் ஆண்டு, கடும் வலியிலிருப்போருக்கு வலிநீக்க மருந்து கிடைக்காமற் செய்வது கொடிய, மனிதத்தன்மையற்ற நடத்துகையாக அமையக்கூடும் என்னும் கருத்தை முன்வைத்தார். நலவாழ்வு உரிமை குறித்த சிறப்பு அறிக்கையாளராக இருந்த இந்திய வழக்கறிஞர் ஆனந்த் குரோவர், போதைப்பொருள் கட்டுப்பாட்டை மனித உரிமை அடிப்படையில் சீரமைக்க வேண்டும் என 2010ஆம் ஆண்டுப் பொதுப்பேரவைக்கு அறிக்கை அளித்தார். கட்டாய மரண தண்டனை, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவிற்கு முரணானது எனப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு தீர்ப்பளித்து, அதனை நீதிபதியின் விருப்புரிமைக்கு உட்பட்டதாக்கியது. 2016ஆம் ஆண்டு நடைபெற்ற ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவைச் சிறப்புக் கூட்டத்தின் இறுதி ஆவணம், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள் கிடைப்பதைத் தனிப்பகுதியாக வைத்தது. 2019ஆம் ஆண்டு மனித உரிமைகளும் போதைப்பொருள் கொள்கையும் பற்றிய பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் வெளிவந்தன. அவை புதிய கடமை எதனையும் படைக்கவில்லை. அரசுகள் முன்னரே ஏற்ற கடமைகளைப் போதைப்பொருள் துறைக்குப் பொருத்திக் காட்டின.

9. 2014ஆம் ஆண்டுத் திருத்தம்

இந்திய நாடாளுமன்றம் 2014ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நிறைவேற்றிய திருத்தம் மூன்று வகையில் குறிப்பிடத்தக்கது. முதலாவதாக, மருத்துவ, அறிவியல் பயன்பாட்டிற்கு வழிசெய்வதும் அரசின் கடமையாகச் சட்டத்தில் சேர்ந்தது. 1961ஆம் ஆண்டு முகவுரையிலிருந்த இரண்டாம் கடமை இவ்வாறு இந்தியச் சட்டத்தின் வாசகமாயிற்று. இரண்டாவதாக, 'இன்றியமையாப் போதை மருந்துகள்' என்னும் புதிய வகை உருவாகி, அவற்றை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களிடமிருந்து மத்திய அரசிற்கு மாறியது. மூன்றாவதாக, பல உரிமங்களுக்கு மாற்றாக, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர் வழங்கும் ஒரே ஏற்பிசைவு போதுமானதாயிற்று. 2015ஆம் ஆண்டு விதிகள் மார்பின், மெத்தடோன், ஃபென்டானில், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறு மருந்துகளை இவ்வகையில் சேர்த்தன.

திருத்தம் தடையை நீக்கியதேயன்றி மருந்தை நோயாளியிடம் சேர்த்துவிடவில்லை. 2017ஆம் ஆண்டு வெளிவந்த லான்செட் ஆணையத்தின் அறிக்கை, உலகில் ஆண்டுதோறும் வழங்கப்படும் ஏறத்தாழ 298.5 டன் மார்பின் நிகர் மருந்துகளுள் வறிய நாடுகளுக்குச் செல்வது 0.1 டன் மட்டுமே எனக் கணக்கிட்டது. இந்தியாவில் தேவையின் நான்கு விழுக்காடு அளவே நிறைவேறுவதாகவும் அது மதிப்பிட்டது.

இதற்கு எதிர்நிலையும் வரலாற்றில் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1990களின் இறுதி முதல் வணிக விளம்பரத்தின் வலிமையால் வலிநீக்கிகள் அளவின்றி எழுதித் தரப்பட்டன. அதில் தொடங்கிய நெருக்கடி, பின்னர் ஹெராயினும் சட்டவிரோத ஃபென்டானிலும் சேர, பெருந்தொகையான உயிர்களைக் கொண்டது. 2021ஆம் ஆண்டில் அங்கு அளவு மீறிய போதைப்பொருளால் இறந்தோர் ஒரு நூறாயிரத்திற்கு மேற்பட்டோர். எனவே கட்டுப்பாடு தேவையற்றது என்னும் முடிவிற்கு வருவது பொருந்தாது. அங்கு விற்பனை நோக்கம் மருத்துவத்தை வழிநடத்தியது. இங்குத் தண்டனை அச்சம் மருத்துவத்தை முடக்கியது. நோயாளியின் தேவை அளவுகோலாகாமை இரண்டிற்கும் பொது. இலாப நோக்கமற்ற, பயிற்சியும் பதிவும் உடைய கோழிக்கோட்டு முறை இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட வழி இயலும் என்பதற்குச் சான்றாகிறது.

முடிவுரை

இந்திய அபினின் வரலாறு மூன்று கட்டங்களாக அமைகிறது. முதற்கட்டத்தில் அரசு அதனை வருவாயாகக் கண்டது. இரண்டாம் கட்டத்தில் குற்றமாகக் கண்டது. மூன்றாம் கட்டத்தில் மருந்தாகவும் காணத் தொடங்கியுள்ளது. ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய கட்டத்தின் நிருவாகக் கருவிகள் தொடர்ந்தமையால், வரி காக்கத் தோன்றிய உரிம முறை நோயாளிக்கும் மருந்துக்கும் இடையே தடையாக நின்றது.

பொதுநலவாழ்வும் மனித உரிமையும் அண்மைக்காலத்தில் வெளியிலிருந்து வந்து சேர்ந்த கருத்துகள் அல்ல. மருத்துவத் தேவையைக் காக்கும் கோட்பாடு 1912ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே உண்டு. 1961ஆம் ஆண்டு முகவுரை அதனை விரித்துரைத்தது. மறக்கப்பட்ட ஒரு கடமையை நினைவூட்டியதே மனித உரிமை நோக்கின் பணியாகும். கைப்பற்றிய சரக்கின் எடையையும் சிறைப்பட்டோரின் எண்ணிக்கையையும் கொண்டு ஒரு கொள்கையின் வெற்றியை அளந்த வழக்கம் நெடிது. தணிக்கப்பட்ட வலியும் காக்கப்பட்ட உயிரும் அக்கணக்கில் இடம்பெறும்போதுதான் உடன்படிக்கையின் இரு கடமைகளும் நிறைவேறியனவாகும். உழவர் கீறும் காயிலிருந்து நோயாளியின் படுக்கை வரையுள்ள தொலைவு இன்னும் முழுதாகக் கடக்கப்படவில்லை என்பதையே இவ்வரலாறு உணர்த்துகிறது.